உப்புப் போடாத சூப்

மலையை விட்டு பஸ் இறங்கும்போது மேகமும் கூடவே இறங்கி வந்தது. கீழே எது மேகம், எது கடல் என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. அவள் கணவனும் பஸ் டிரைவர்தான். இன்று ஓட்டுவது வேறொருவர் என்பதால் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டான். பிறத்தியார் ஓட்டும்போது அவனுக்கு வருகிற தூக்கம் இருக்கிறதே, அது தனி ரகம்.

அவளுக்குத்தான் கண்ணே மூடவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவள் தலைமைச் சமையல்காரி. அங்கே அத்தனை பேர் சாப்பாட்டுக்கும் அவள் நாக்குதான் அளவு. போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் ருசியையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. கடல்காற்று பட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, "சும்மா சுத்திட்டு வரலாம்" என்று அவனைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். விடுப்பு இன்றோடு முடிகிறது. நாளை எந்த முகத்தோடு அடுப்படியில் நிற்பது?

கரையில் நடந்தார்கள். மணல் வெதுவெதுப்பாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் மலை பாதி கரைந்து நின்றது. மறுபாதி இருந்ததா என்பதே சந்தேகம். அவள் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். காற்று வெறும் காற்றாகத்தான் வந்தது.

படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. காலையில் பிடித்த மீனும் மலைக்கிழங்கும் போட்ட சூப்பை, கடைக்காரம்மா இரண்டு கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்ததும், பழகிப்போன பொய் தானாக வந்தது.

"பிரமாதம். உப்பு, உறைப்பு எல்லாம் கச்சிதம்."

கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். "நான் உப்பே போடலியேம்மா. கடல்ல குளிச்சுட்டு வர்றவங்க உதட்டுலயே பாதி உப்பு இருக்கும். அதனால அவங்கவங்களே போட்டுக்கட்டும்னு விட்டுடுவோம். அதோ, ஜாடியில இருக்கு பாருங்க."

அவளுக்கு உடம்பே கூசிப்போயிற்று. கணவன் முகத்தில் ஆச்சரியம் துளியும் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"காய்ச்சல் விட்ட மறுநாளே தெரியும். ஒரு நாள் குழம்புல உப்பே இருக்காது. மறுநாள் வாயில வைக்க முடியாது."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ என் வாயையே பாத்துட்டு நின்ன. எப்படிச் சொல்றது?"

அத்தனையையும் மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறான் மனுஷன். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தை மூழ்கடித்துக்கொண்டு பிரியம் வந்தது.

"நாளைக்கு என்னங்க பண்றது?"

"உண்மையைச் சொல்லு. ருசி பாக்க ஒரு ஆள் கேளு. நாக்குதானே போச்சு, கை போகலையே."

அவள் தன் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "இது எப்படி இருக்கு? பொய் சொல்லாம சொல்லுங்க."

கல்யாணமான நாள் முதல் 'நல்லாருக்கு' என்ற ஒரே வார்த்தையில் குடும்பம் நடத்திய மனிதன் அவன். உப்பைக் கிள்ளிப் போட்டுக் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். வழி கேட்டவருக்குப் பாதை சொல்வதுபோல் நிதானமாக ஆரம்பித்தான்.

"முதல்ல கிழங்கு வருது, லேசா இனிப்பா. கொஞ்சம் கழிச்சுத்தான் மீன்..."

"மெதுவா சொல்லுங்க," என்றாள் அவள்.