கோடு தெரியாத சுவர்

மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர் தன் வீட்டுக் குளியலறைச் சுவரைத் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். பழைய சுவரை இடித்துத் தள்ளிவிட்டு ஜிப்சம் பலகைகளை வரிசையாக நிறுத்தித் திருகாணி முடுக்கியது அவரேதான். பலகைகள் சேரும் இடத்தில் டேப் ஒட்டி, கோடு மறைய மேலே பட்டி மாவு பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, இப்போது உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். மீசை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டன. "அப்பா, மாவு டப்பாக்குள்ள விழுந்துட்டீங்களா?" என்று மகள் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டு ஓடினாள்.

இத்தனை பாடும் மச்சானால் வந்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுப்பவர்.

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்த வேண்டாத வேலை? பலகை சேர்ற இடமெல்லாம் கோடு கோடாத் தெரியும் பாருங்க" என்று போன வாரம் பற்ற வைத்துவிட்டுப் போனார்.

மனைவி அதில் எண்ணெயும் ஊற்றினாள். "ஒரு கோடு தெரிஞ்சாலும் அடுத்து சமையலறையைப் புதுசாக்குற வேலை அண்ணனுக்குத்தான். சொல்லிட்டேன்."

சமையலறை போனால் போகட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதையும் அவள் நன்றாயிருக்கிறது என்று சொன்னதே கிடையாது. அவர் அடித்த அலமாரியைப் பார்த்துக்கூட "இன்னும் விழலையே" என்றுதான் சொன்னாள். ஒரே ஒரு நல்ல வார்த்தை வேண்டும். அதற்குத்தான் மனுஷன் கிடந்து அல்லாடினார்.

பரீட்சைக்கு மச்சான் வந்தார். விளக்கு மாட்ட எலக்ட்ரீஷியனும் வந்திருந்தார். மச்சான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், மண்டி போட்டுப் பார்த்தார், சுவரில் கன்னத்தை வைத்துக்கூடப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் விடுகிற ஆளா அவர்?

"பகல் வெளிச்சத்துல எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான் மாப்பிள்ளை. முகம் பார்க்கிற கண்ணாடிக்கு மேல விளக்கு வருதில்ல, அதைப் போடச் சொல்லுங்க. மேலேருந்து சரிவா வெளிச்சம் விழுந்தா மேடு பள்ளமெல்லாம் பல்லை இளிக்கும்."

"தாராளமா போடட்டும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், நெஞ்சை நிமிர்த்தி.

எலக்ட்ரீஷியன் விளக்கோடு ஏணியில் ஏறினார். சுவரைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"சார், ஒயர் எங்க? பலகை அடிக்கிறதுக்கு முன்னாடியே பெட்டி வெச்சு, ஒயரை உள்ள சுருட்டி விட்டுட்டுப் போனேனே?"

கண்ணாடிக்கடைக்காரர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பெட்டிக்குப் பலகையில் ஓட்டை வெட்ட வேண்டும் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. வெட்டியதுதான் ஞாபகத்தில் இல்லை. வெட்டினால்தானே ஞாபகம் இருக்கும்! ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர், கண்ணெதிரே இருந்த பெட்டியை மூடி மெழுகிவிட்டார்.

மச்சானுக்கு வாயெல்லாம் பல். "நகருங்க, நான் கண்டுபிடிக்கிறேன்" என்று தட்டினார், தடவினார். "இதோ, இங்கதான்!"

"அங்க இல்லீங்க, இன்னும் இந்தப் பக்கம்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"எனக்கே சொல்றியா?"

இருவரும் ஆளுக்கொரு இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். வாசற்படியில் நின்ற மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்ணே, முடி மாதிரி கோட்டைக் கண்டுபிடிக்க வந்தே. கையகலப் பெட்டியையே உன்னால கண்டுபிடிக்க முடியலையே!"

அவளே வந்து சுவரை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தடவினாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"வழவழன்னு இருக்குங்க. நிஜமாவே ரொம்ப நல்லா இருக்கு. சமையலறையும் நீங்களே பண்ணுங்க."

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பட்டித் தூள் அப்பிய கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

எலக்ட்ரீஷியன் பையிலிருந்து சின்ன ரம்பத்தை எடுத்தார். "எங்கயாவது வெட்டித்தான் பார்க்கணும் சார்."

அவ்வளவுதான், கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"யாரும் கிட்ட வரக்கூடாது!"

"அப்போ விளக்கு?" என்றாள் மனைவி.

"விளக்கு எதுக்கு? இருட்டுல குளிச்சா அழுக்கு போகாதா?"