நீளமான இணைப்புச் சொல்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பூங்காவனத்துக்குப் பயம். தாலுகா அலுவலக வராந்தாவில் நின்று, வந்த விஷயத்தை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் தணிகைவேல் செவ்வாய்க்கிழமையிலிருந்து பொருளாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஏலம். இன்று வியாழன்.

அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அவள் வீட்டுத் தாளில் 'தணிகைவேல் என் கணவர்', 'தணிகைவேல் மோட்டார் ரிப்பேர் செய்கிறார்' என்ற இரண்டு சேதியும் ஒரே வரியில் இருக்கும். நடுவில் ஒரு கட்டம் காலி. அதில் இணைப்புச் சொல்லைக் குடும்பத்தார் எழுத வேண்டும். எழுதியபடி மறுநாள் நடக்கும்.

சுவரில் நான்கு சொற்கள் ஒட்டியிருந்தன: ஹூ (who), ஹூம் (whom), தட் (that), விச் (which). ஆறாவதோடு பள்ளியை விட்டவள் என்றாலும் பூங்காவனத்துக்கு ஆங்கில எழுத்தை எண்ணத் தெரியும். இருபத்தாறு வருடமாக வாங்க, போங்க என்று பேசிவந்த மனிதரை மூன்றெழுத்தில் முடிக்க அவளுக்குக் கை வரவில்லை. மரியாதை என்றால் நீளம்தானே. ஐந்தெழுத்து இருந்த 'விச்'சை எழுதினாள். அது பொருளுக்கு எழுதுகிற சொல் என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலை இரண்டு பேர் வந்து அவரைக் கைவண்டியில் ஏற்றிப்போனார்கள். படியில் இடிக்காமல்தான் ஏற்றினார்கள்.

தாலுகா அலுவலகக் கிடங்கில் அவர் ஒரு பீரோவுக்கும் தராசுக்கும் நடுவே இருந்தார். சட்டைப் பொத்தானில் நாற்பத்தொன்று என்று எண் தொங்கியது.

"சாப்பிட்டீங்களா?"

"பொருளுக்கு என்ன சாப்பாடு. தூசி தட்டுறாங்க. ஓட்டல்காரர் வந்து முதுகைத் தட்டிப் பார்த்தாரு. பீரோவை விட உறுதி கம்மின்னாரு."

"நாளைக்கு உங்களை யாருக்கும் விட மாட்டேன்" என்றாள் பூங்காவனம்.

திருத்தப் பிரிவில் எழுத்தர் எஸ்தர் இருந்தாள்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு திருத்தம்தான், அக்கா. பார்த்து எழுதுங்க."

"மிச்சம் மூணுல எதும்மா மரியாதை?"

"மரியாதைக்கு இங்க கட்டமே இல்லக்கா. எது சரின்னு நான் சொல்லவும் கூடாது."

பூங்காவனம் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். பால்காரர் தன் தம்பிக்கு 'ஹூம்' எழுதினார். அன்றிலிருந்து தம்பியால் எதையும் தானாகச் செய்ய முடிவதில்லை. மற்றவர்கள் குளிப்பாட்டுகிறார்கள், நடத்திக் கூட்டிப்போகிறார்கள். 'தட்' எழுதிய வீட்டில் மாமனார் சில நாள் ஆளாக எழுகிறார், சில நாள் பொருளாக. விடிந்து பார்த்தால்தான் தெரியும். மிச்சம் இருப்பது மூன்றெழுத்து 'ஹூ'. அது என்ன செய்யும் என்று சொல்ல ஆளில்லை. ஒரு முறை சொல்லை நம்பி அவரைக் கைவண்டியில் அனுப்பியாயிற்று. இனி எந்தச் சொல்லையும் நம்புவதில்லை என்று எழுந்தாள்.

பேனாவை வாங்கி, கட்டத்தின் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள். அழிந்துவிடக் கூடாதென்று அதன்மேலேயே இன்னொரு முறை அழுத்தினாள்.

எஸ்தர் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இது இப்ப ரெண்டு வாக்கியம், அக்கா."

"ரெண்டும் சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு" என்று முத்திரை குத்தினாள்.

மறுநாள், ஏலம் தொடங்குமுன் கிடங்கைத் திறந்தார்கள். இரண்டு தணிகைவேல்கள் வெளியே வந்தார்கள். முதலில் வந்தவர் அவள் கணவர். பின்னால் வந்தவர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். அவர் பூங்காவனத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கடைப்பக்கம் திரும்பினார்.

அவள் அவரை நிறுத்தி, வீட்டு மோட்டார் ஆறு மாதமாகத் தண்ணீர் இழுக்கவில்லை என்று சொன்னாள்.

"சாயங்காலம் வந்து பார்க்கிறேம்மா" என்றார் அவர்.