எர்த் இல்லாத சுவர்

நாளைக் காலை என் அண்ணன் நாகராஜ் தன் புது மின்சார ஸ்கூட்டரில் செம்பூர் கிடங்குக்குப் போக வேண்டும். பார்சல் வேலை, முதல் நாள். முழு சார்ஜ் இல்லாமல் வந்தால் அந்த இடம் வேறொருவனுக்கு என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்.

இன்று மத்தியானம் ஒயர்மேன் தளவாய் எங்கள் தாராவி வீட்டு வாசல் சுவரில் சார்ஜரை மாட்டினார். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். வேறு சுவர் எங்களுக்கு இல்லை. சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இல்லை, சார்ஜ் ஏறாது என்று அர்த்தம். எர்த்துக்குக் குழி தோண்ட வேண்டும். சந்து முழுக்க சிமெண்ட், அடியில் சாக்கடை. தளவாய் யோசிக்கவே இல்லை. பிளக் பாயிண்டைத் திறந்து, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை இழுத்து எர்த்தில் முறுக்கினார். விளக்கு பச்சையானது.

"அண்ணாச்சி, இது சரியா?" என்று கேட்டேன்.

"தாராவி பூரா இப்பிடித்தாம்மா ஓடுது. டென்ஷன் எடுக்காத," என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

நான் மாலை நேர ஒயர்மேன் வகுப்பில் சேர்ந்து இன்னும் ஒரு பரீட்சைகூட எழுதவில்லை. வகுப்பில் சார் கூடாது என்றது இதைத்தானா, வேறு எதையோவா? உட்கார்ந்தேன், எழுந்தேன். படம் வரைந்து பார்த்தேன். மீட்டரிலிருந்து வரும் நியூட்ரல் விட்டுப்போனால், ஃபேன் வழியாகக் கரண்ட் வந்து, அந்தத் துண்டு ஒயரில் ஏறி, சார்ஜரின் தகர உடம்புக்குப் போகும். படம் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் என்மேல் நம்பிக்கை வரவில்லை.

வாசலில் மதினி பேராச்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழும்போதெல்லாம் ஈரக் கையை சார்ஜர் மேல் ஊன்றினாள்.

"அண்ணே, அதை ஆஃப் பண்ணு," என்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் சொன்னேன்.

"ஏட்டி, ரெண்டு மாசம் கிளாஸுக்குப் போனதுக்கே இம்புட்டு அலப்பறையா? பச்சை எரியுதுல்லா?"

"நியூட்ரல் போச்சுன்னா?"

"போச்சுன்னா வீடே இருட்டாயிரும். இருட்டுல எங்கட்டி கரண்டு?"

செய்துதான் காட்ட வேண்டும். மதினியை உள்ளே கூப்பிட்டேன். மெயினை அணைத்து, மீட்டரிலிருந்து வரும் நியூட்ரலைக் கழற்றிவிட்டு, மறுபடி மெயினைப் போட்டேன். விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை.

"பாத்தியா, செத்துப்போச்சு!" அண்ணன் சிரித்தான்.

கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டரை சார்ஜர் மேல் வைத்தேன். எரிந்தது.

அண்ணன் குனிந்து பார்த்தான். மதினி முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "அரே, இது மேலயா கைய வச்சிட்டுக் கெடந்தேன்?"

"அணைச்சிரு," என்றான் அண்ணன்.

மெயினை அணைத்து, அந்தத் துண்டு ஒயரை வெட்டி எறிந்து, நியூட்ரலைப் பூட்டி, மெயினைப் போட்டேன். மறுபடி சிவப்பு.

"நாளைக்கு என்னட்டி பண்ண?" அண்ணன் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. மாட்டுங்கா பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் சார்ஜ் போடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மிச்ச சார்ஜ் அதுவரை தாங்குமா என்றுகூடத் தெரியாது. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். வேலை போனால் என்னால்தானே?

போன் அடித்தது.

"பங்குக்கு வந்து சேந்துட்டேன். முன்னால வண்டி வரிசையாக் கெடக்கு. நீ கிளாஸுக்குப் போகலியா?"

"போகணுமா?"

"போகணும்ட்டி. எர்த்து எங்கருந்து எடுக்கலாம்னு உங்க சார்ட்ட கேட்டுட்டு வா."

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.