அலகு குத்திய கன்னம்

புருஷன் உடம்பில் புண், காயம் ஏதாவது உண்டா, சமீபத்தில் பல் பிடுங்கினாரா என்று காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாளே டாக்டர் துளசிராம் கேட்டார். ஒச்சாயி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்பிடி ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. முந்தின மாசம், எண்பத்தி நாலு பங்குனிப் பொங்கலில், அவள் புருஷன் நல்லகாமன் கன்னத்தில் அலகு குத்தியிருந்தான். ஆனால் சாமிக்குக் குத்தினால் ரத்தம் வராது. திருநீற்றை அப்பினால் மறுநாளே மூடிக்கொள்ளும். அதைப் போய்ப் புண் என்று சொல்ல அவர்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. சொன்னால் தெய்வக் குத்தம்.

அந்த நேர்த்தியும் அவள் வைத்ததுதான். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் அவனுக்கு இருதய வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. கப்பலூர் கம்பெனியில் மூட்டை தூக்கினால் மூச்சு இரைத்தது. இரைப்பு நின்றால் அலகு குத்த வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மாத்திரையில் நின்றது, சாமி நிறுத்தியதாக அவள் எடுத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம் புள்ள" என்று அவன் சொன்னதற்கு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனும் பாவம், இறங்கி வந்துவிட்டான்.

சித்திரையில் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரியில் இருபது நாள் ஊசி போட்டும் விடவில்லை. வால்வில் கிருமி தங்கி அதை அரித்துவிட்டது, அறுத்தெடுத்து வேறு வால்வு வைக்க வேண்டும், அது மெட்ராசில்தான் முடியும் என்றார் டாக்டர். பயணத்துக்காக, விரதத்திலிருந்து வளர்ந்திருந்த அவன் தாடியை மழித்தார்கள். இரண்டு கன்னத்திலும் மிளகு அளவில் தழும்பு தெரிந்தது.

டாக்டர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"அந்த வழியாத்தாம்மா கிருமி உள்ள போயிருக்கும். மொதல்லயே சொல்லியிருந்தா வேற மருந்து குடுத்துப் பாத்திருப்பேன்."

ஒச்சாயிக்குச் சாமியைக் குறை சொல்ல வாய் கூசியது. பழி சொல்ல மிச்சம் அவள்தான் இருந்தாள்.

வேனில் ஏற்றும்போது நல்லகாமன் அவள் கையைப் பிடித்தான். வராந்தாவில் நடந்தது அவனுக்குத் தெரியாது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் முகத்தில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

"பயப்படாத புள்ள. நல்லபடியா திரும்பி வந்தா இந்தத் தடவ முதுகுலயும் சேத்துக் குத்துறேன்னு நானே நேந்துக்கிட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். நெஞ்சை அறுக்கக் கொடுக்கப் போகிறவனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு போவான்? அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்க, குத்திக்கிருவோம்" என்றாள்.