முறைநாள்

ஈர விறகு எரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஸக்கியா ஊதுகுழலை எடுத்து இன்னொரு தரம் ஊதினாள். மையித்தைக் குளிப்பாட்ட இரண்டு பெரிய சட்டி வெந்நீர் வேண்டும் என்று பள்ளிவாசல் மோதினார் சொல்லியிருந்தார். வெளியே விடியலிலிருந்து தூறல். முற்றத்தில் மூட்ட வேண்டிய அடுப்பை அடுப்படிக்குள்ளேயே மூட்டும்படி ஆயிற்று. "நீ போய்ச் சாஞ்சிக்கோ, நான் பாக்குறேன்" என்று ஜவாஹிரின் மனைவி றலியா சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. பதினோரு வருஷமாக மஹ்ரூபுக்குக் குளிக்க வெந்நீர் வைத்தவள் அவள். இன்றைக்கு மட்டும் வேறொருத்தி வைப்பாளா?

மஹ்ரூப் முன்னறையில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். தமையன் ஜவாஹிரின் பஸ்ஸை அக்குறணைக்கும் கண்டிக்கும் இடையே ஓட்டியவன். நேற்று மத்தியானம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இப்பால் எதிரே வந்த மாட்டுவண்டியை உரசி, ரோட்டோரத்து மரத்தில் மோதிச் செத்துப்போனான். பஸ்ஸில் இருந்தவர்கள் கீறல் காயத்தோடு தப்பினார்கள். வண்டி நடுரோட்டில் வந்தது என்று கொண்டக்டர் சொன்னதால் வண்டிக்காரன் கறுப்பையாவைப் பொலிஸார் பிடித்து அடைத்துவிட்டார்கள். மரண விசாரணை ஐயா வந்து பார்த்து எழுதும்வரை அடக்கக் கூடாது என்பது உத்தரவு.

ஊருக்கெல்லாம் கதை அவ்வளவுதான். ஸக்கியாவுக்கு அவ்வளவு அல்ல. உடலை இறக்கியபோது அவள் கண்ணில் முதலில் பட்டது கோட்டு. மஹ்ரூபின் கோட்டுக்கு மேலே கொண்டக்டரின் காக்கிக் கோட்டு, கழுத்துவரை பொத்தான் பூட்டியபடி. வெயில் கொளுத்திய மத்தியானத்தில் எவன் இரண்டு கோட்டுப் போடுவான்? குளிரில் பல் கிட்டிப்போனவன்தான் போடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் பிறந்தபோது காய்ச்சல் நுழையாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. மஹ்ரூபையும் மலேரியா பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்தாற்போல வந்து உலுக்கிவிட்டுப் போகும். அது வரும் நாளுக்கு முறைநாள் என்று பெயர். கொயினா மாத்திரை தின்றுதான் விட்டது. "இது போன காய்ச்சல் இல்ல, ஒளிஞ்சிருக்கிற காய்ச்சல். திரும்பினா முறைநாள்லதான் திரும்பும். நாலு கிழமைக்கு அந்த நாள்ல பஸ்ஸத் தொடக்கூடாது" என்று டிஸ்பென்சரி ஐயா எச்சரித்து அனுப்பினார். மஹ்ரூப் பொறுப்பான ஆள். முறைநாளில் வீட்டில் இருந்துகொள்வான், ஜவாஹிர் பஸ்ஸை எடுப்பான். நாளை எண்ணுவது ஸக்கியாவின் வேலை. அடுப்புக்கு மேலே சுவரில் கரியால் தினம் ஒரு கோடு. முறைநாளுக்கு நெட்டைக் கோடு, சும்மா நாளுக்குக் குட்டைக் கோடு.

இடையில் நோன்புப் பெருநாள் வந்தது. சுண்ணாம்பு பூசாத வீட்டுக்குள் பெருநாள் வரமாட்டேன் என்றா சொல்லிற்று? ஆனாலும் சனிக்கிழமை காலையில் அன்றைய கோட்டைப் போட்ட கையோடு ஸக்கியா சுண்ணாம்பு மட்டையை எடுத்து ஒரே பூச்சாகப் பூசித் தள்ளினாள். பஸ்ஸும் வர்ணம் பூசப் பட்டறைக்குப் போயிருந்தது. ஒன்பது நாளைக்கு எவருக்கும் முறைநாள் ஞாபகமே இல்லை.

நேற்றுக் காலையில் அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"இண்டைக்கா, நாளைக்கா?"

அவள் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "நாளைக்கி" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவன் சுவரை ஒரு தரம் பார்த்தான். சுவர் வெள்ளையாக இருந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

இராவு முழுக்க அந்தக் கேள்வி முன்னறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. இண்டைக்கா, நாளைக்கா? அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். ஒரு தரம் சரியாக வரும், மறுதரம் பிழைக்கும். கடைசியாகப் போட்ட கோடு நெட்டையா குட்டையா என்பதுதான் பிடிபடவில்லை.

பின்வாசலில் நிழலாடியது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் மழையில் நின்றாள்.

"நான் வண்டிக்காரரு சம்சாரங்க, பேச்சியம்மா. சாவு வீட்டுல வந்து நிக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க."

ஸக்கியா உள்ளே வரும்படி கையைக் காட்டினாள். அவள் படியில் மட்டும் ஏறிக்கொண்டாள்.

"அவரு ஓரமாத்தாங்க வந்தாரு. பஸ்சுதான் ஆடி ஆடி வந்துச்சுன்னு சொல்றாரு. யாரு கேக்குறா? மாடு ரெண்டும் டேசன் வாசல்ல நேத்துலேருந்து நனைஞ்சுக்கிட்டு நிக்குது. அவுத்து ஓட்டிட்டுப் போகவும் விட மாட்டேங்குறாங்க."

சாக்கைப் பிழிந்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டாள்.

முன்னறையிலிருந்து ஜவாஹிர் வந்தான். பேச்சியம்மாவைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான்.

"ஸக்கியா, விசாரண ஐயா வந்தீக்கிறார். சொகமாத்தான் போன எண்டு செல்லு. காய்ச்சல் கதையே வாணாம். காய்ச்சல்காரன்ட கையில பஸ்ஸக் குடுத்த எண்டு என்னப் பிடிப்பாங்க. லைசனும் போகும்." அவன் கண் கலங்கியது. நடிப்பில்லை, தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். "அவன்ட பேரும் கெட்டுப்போகும். மவுத்தானவன்ட பேர்."

"அப்ப இந்தப் பொம்பளட புருஷன்?"

ஜவாஹிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான்.

புருஷனை இழந்து இத்தா இருப்பவள் வெளி ஆணின் முன்னால் வரலாகாது. ஆகவே அடுப்படி வாசலில் சீலை கட்டினார்கள். அந்தப் பக்கம் கதிரையில் விசாரணை ஐயா, மயில்வாகனம் என்ற யாழ்ப்பாணத்து மனிதர், உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஸக்கியா அடுப்பின் அருகே நின்றாள்.

"தங்கச்சி, யோசிச்சு மறுமொழி சொல்லுங்கோ. சத்தியத்தில எழுதிற வாக்குமூலம். நேற்றுக் காலமை வெளிக்கிடேக்க உங்கட மனிசன் சுகமா இருந்தவரோ?"

"சொகம்."

அது உண்மைதான்.

"அதுக்கு முதல் காய்ச்சல் கீய்ச்சல் ஏதும்?"

ஜவாஹிர் இருமுவது கேட்டது.

"சுகமில்லாமல் வாகனம் ஓட்டினால் பிழை ஓட்டினவரிலயும், தெரிஞ்சு விட்டவரிலயும். இல்லையெண்டால் வண்டிக்காரனுக்கு மறியற்சாலை. ஆர்ட பிழையெண்டு நான் எழுத வேணும், தங்கச்சி."

சட்டியில் தண்ணீர் கொதித்துத் தளதளத்தது. ஆவி எழுந்து சுவரில் படிந்தது. நனைந்த இடத்தில் வெள்ளை வெளிறிச் சாம்பலாயிற்று. அந்தச் சாம்பலுக்குள் ஒரு கறுப்புக் கோடு வந்தது. பக்கத்தில் இன்னொன்று. நெட்டை, குட்டை, நெட்டை, குட்டை. ஒற்றைப் பூச்சுச் சுண்ணாம்பு எதை மறைக்கும்? கடைசிக் கோடு குட்டை. அது சனிக்கிழமை.

ஸக்கியா எண்ணினாள். ஞாயிறு நெட்டை. பெருநாள் திங்கள் குட்டை. இந்தமுறை அவசரப்படவில்லை. எண்ணிக்கொண்டே நேற்றைக்கு வந்தபோது நெட்டையாக வந்தது. நான்தான் கொன்றேன் என்று நினைத்தாள்.

"ஐயா" என்றாள். "அவருக்குக் காய்ச்சல் ஈந்த. ஒருநாள் விட்டு ஒருநாள் வாரது. நேத்து முறைநாள். நான்தான் எண்ணினேன், நான்தான் இல்லண்டு செல்லினேன். மச்சானுக்கும் நான் செல்லினதுதான் தெரியும்."

"ஸக்கியா" என்றான் ஜவாஹிர்.

அவள் மூலையில் சுருட்டிவைத்திருந்த காக்கிக் கோட்டை எடுத்துச் சீலைக்கு அடியால் தள்ளினாள். "இது கொண்டக்டர்ட. அவர் இதையும் போட்டுத்தான் ஈந்த. கொண்டக்டர்ட்டக் கேளுங்க, எப்ப குடுத்த எண்டு."

பேனாவின் கீறல் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"எனக்கு என்ன செய்வீங்க, ஐயா?"

மயில்வாகனம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிழையா எண்ணினதுக்குச் சட்டத்தில ஒண்டுமில்லை, தங்கச்சி."

ஒன்றுமில்லை என்பதைக் கேட்டுத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

பின்வாசலில் பேச்சியம்மா இல்லை. மழையோடு பள்ளத்தில் இறங்கி டேசன் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

லுஹர்த் தொழுகைக்குப் பிறகு மையித்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். ஜவாஹிர் முன்கால் பிடித்தான். அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. கலிமாச் சத்தம் வளைவில் மறைந்ததும் வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

"நாலு மாசமும் பத்து நாளும்" என்றாள் றலியா, அவள் தலையைத் தடவியபடி. "இத்தா நாள நான் எண்ணிக்கொள்றேன். நீ ஒண்டும் யோசிக்காத."

"வாணாம் மச்சி. நானே எண்ணுறேன்."

அடுப்பு அணைந்திருந்தது. சுவர் காய்ந்து மறுபடி வெள்ளையாகியிருந்தது. ஸக்கியா சாம்பலைக் கிளறி ஒரு கரித்துண்டை எடுத்தாள். நேற்றைக்கு ஒரு நெட்டைக் கோடு போட்டாள். இன்றைக்கு ஒரு குட்டைக் கோடு. பிறகு இரண்டையும் விரலால் தொட்டு, சரியா என்று எண்ணிப் பார்த்தாள்.