கடைசிக் கண்ணி

மருந்துக்கடை அம்மாவுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை என்பது ஒன்று. குரோஷாவில் எதைப் பின்னினாலும் எண்ணாமல் பின்னுவார் என்பது இன்னொன்று. "கடையில நாள் முழுக்க எண்ணிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் எண்ணணுமா?" என்பார். எண்ணாமலே அவருடைய போர்வைகள் நாலு மூலையும் நேராக வந்து நிற்கும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளக்கும்வரை அம்மாவும் போர்வையை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவருக்கு ஒரே மகள். வயது முப்பத்திரண்டு. பல் செட் செய்து தரும் லேப் ஒன்றில் வேலை. வீட்டிலும் சொந்தத்திலும் அவளுக்குப் பெயர் முக்கோணம்.

பதினோரு வயதில், ஒரு பள்ளி விடுமுறையில், அவளாகவே ஆசைப்பட்டு அம்மாவிடம் குரோஷா கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். முப்பது கண்ணி அகலத்தில் ஒரு சின்ன மேஜைத் துணி. அம்மா சொன்னதையெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு செய்தாள். துணி மேலே போகப் போகக் குறுகியது. அம்மா பிரித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் குறுகியது. "வரிசை முடியறப்போ தூங்கிடறியா?" என்று கேட்டார். நாலாவது தடவையும் குறுகியபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்குக் கை வராதுடி, விடு" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். அந்த மூன்று மூலைத் துணியைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தி, வீட்டுக்கு வந்த சித்தி, மாமா, பெரியம்மா என்று ஒருவர் விடாமல் எடுத்துக் காட்டினார். "மேஜைத் துணி கேட்டேன், முக்கோணம் பண்ணிக் குடுத்திருக்கா பாரு." பெயரை வைத்தது அம்மா. ஊர் முழுக்கப் பரப்பியது சித்தி. சித்தி வாயில் விழுந்த எதுவும் வீணாய்ப் போனதில்லை.

மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். கூடவே ஒரு வாக்கியத்தையும் பழகிக்கொண்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொள் என்றால், "எனக்குக் கை வராது." பத்துப் பேருக்குச் சமைக்கச் சொன்னால், "எனக்குக் கை வராது." மெழுகில் கடைவாய்ப்பல்லைச் செதுக்கி, எதிர்ப்பல்லோடு மயிரிழை பிசகாமல் பொருத்துகிற கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் இதைச் சொல்வாள். அந்த வேடிக்கை வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அம்மாவுக்கு போன் செய்தாள். லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்கும் பொறுப்பை அவளிடம் கொடுப்பதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"சொல்லிக் குடுக்கறதெல்லாம் எனக்குக் கை வராதும்மா. வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்."

அம்மா அப்போது ஒரு வரிசையின் நடுவில் இருந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஊசியை நிறுத்தாமல், "அதுவும் சரிதான்" என்றார்.

அந்த வாரம் அவருக்கு வேறு தலைவலி இருந்தது. குரோஷா போடுகிற பெண்கள் இருபது பேர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் குறைவு. ஆனாலும் ஒருத்தி வாங்கிய நூலின் நிறம் மற்ற பத்தொன்பது பேருக்கும் தெரியும். அவர்கள் ஒரு வருஷமாகக் கெஞ்சிக் கேட்டதன்பேரில், தன்னுடைய குழந்தைப் போர்வையின் செய்முறையை அம்மா எழுதிப் போட்டிருந்தார். மருந்துச் சீட்டுபோலத் தெளிவான எழுத்து. நூற்று இருபது கண்ணியில் தொடங்கவும். மூன்று செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டுத் திருப்பவும். அதுவே முதல் டபுள் (உயரக் கண்ணி) என்று கணக்கு. அடுத்த கண்ணியிலிருந்து, கண்ணிக்கு ஒரு டபுள். வரிசை முடிந்ததும் திரும்ப மூன்று செயின். 'இதைவிட எளிதாக ஒன்றும் இல்லை. சொன்னதைச் செய்தால் தானாக வரும்' என்று அடியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

முதல் படத்தைப் போட்டவள் பஸ் கண்டக்டர். நாற்பது வரிசை பின்னியிருந்தாள். கீழே அகலமாகத் தொடங்கிய போர்வை மேலே மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியிருந்தது. "அக்கா, அண்ணன் குழந்தைக்குப் போர்வை போட்டேன். கப்பலுக்குப் பாய் வந்திருக்கு" என்று எழுதியிருந்தாள்.

'கவனம் போதவில்லை. பிரித்துவிட்டுப் போடவும்' என்று அம்மா பதில் போட்டார்.

மறுநாள் இரண்டு பாய்கள் வந்தன. அதற்கு மறுநாள் நாலு. கணக்கு டீச்சர் ஒருத்தி விடாப்பிடியாகக் கடைசிவரை பின்னி, உச்சியில் ஒற்றைக் கண்ணியோடு ஒரு முழு முக்கோணத்தைத் தரையில் விரித்துப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். கூடவே ஒரு குத்தல். "கை தேர்ந்தவங்க ஒரு சூட்சுமத்தையாவது தனக்குன்னு வெச்சுக்குவாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல அக்கா."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. எழுதியதை ஏழு தடவை படித்துப் பார்த்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. "நான் எதை மறைச்சேன்? சொல்லுங்க, எதை மறைச்சேன்?" என்று வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர், தான் எதையும் சொல்லவே இல்லையே என்று பார்த்தார்.

வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. என் கையை வீடியோ எடுத்துப் போட்டுவிடுகிறேன், பிறகு யார் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்று அம்மா பாதி பின்னிய போர்வையோடு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா தான் எழுதியதை வாயால் சொல்லிக்கொண்டே பின்னினார். மூன்று வரிசை முடிந்தது.

"ஒவ்வொரு வரிசைக் கடைசிலயும் அங்க ஒரு குத்து குத்தறியே, அது எதுல எழுதியிருக்க?" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க குத்தினேன்?"

"வாய் 'வரிசை முடிஞ்சது'ன்னு சொல்லுது. கை அதுக்கப்புறம் இன்னொண்ணு போடுது."

"உளறாதீங்க. வரிசை முடிஞ்சா முடிஞ்சதுதான்."

அவர் வாதாடவில்லை. நாற்பது வருஷம் எழுத்தாளர்களோடு மல்லுக்கட்டியவர். ஸ்டூலிலிருந்து இறங்கி, வீடியோவைத் திருப்பிப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா பார்த்தார். முன் வரிசையின் ஆரம்பத்தில் போட்ட அந்த மூன்று செயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தெரியாதவர்களுக்கு அது கண்ணி என்றே தோன்றாது. வாய் "முடிஞ்சது" என்றது. கட்டைவிரல் துணியைக் கொஞ்சம் மடக்கியது. ஊசி அந்தச் செயினின் தலையில் நுழைந்து ஒரு டபுளைப் போட்டுவிட்டு வெளியே வந்தது. மூன்று வரிசையிலும் அப்படித்தான். அந்த ஒன்று இல்லாவிட்டால் வரிசைக்கு ஒரு கண்ணி குறையும். நூற்று இருபதும் ஒருநாள் ஒன்றாகும்.

அவருக்கு யாரும் குரோஷா சொல்லித்தரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த பதினெட்டு நாளும், எதிர் பெஞ்சில் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையைப் பார்த்தே பிடித்துக்கொண்டது. கண் பார்த்தது, கை செய்தது. இடையில் வாய்க்கு வேலையே இருக்கவில்லை. எண்ணும் பழக்கம் இருந்திருந்தால் என்றைக்காவது அகப்பட்டிருக்கும். எண்ணாமல் பின்னுவதுதான் பெருமையாயிற்றே.

அம்மா உடனே குழுவில் எழுதினார். 'தவறு என்னுடையது. வரிசைக் கடைசியில் முன் வரிசையின் மூன்று செயின் மேல் ஒரு டபுள் போட வேண்டும். எழுத விட்டுப்போயிற்று. மன்னிக்கவும்.' மளமளவென்று பதில்கள் வந்தன. கணக்கு டீச்சர் கைகூப்பும் படம் மூன்று போட்டாள். கண்டக்டர், "போகட்டும் அக்கா, பாயை நான் தோளில போத்திக்கறேன்" என்றாள். குழுவோடு இருந்த வழக்கு இரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது.

போனைக் கீழே வைக்கும்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. மகளிடமிருந்து காலையில் வந்த ஒரு அழைப்பை அவர் எடுக்கவில்லை. திரையில், தவறிய அழைப்பு என்பதற்குக் கீழே, அவரே பதிந்து வைத்திருந்த பெயர் இருந்தது. முக்கோணம்.

அம்மா அதை இன்னொரு தடவை படித்தார். அவருக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. தப்பான மாத்திரையைக் கொடுத்துவிட்டு, குணமாகவில்லை என்று நோயாளியைத் திட்டியிருக்கிறோம் என்று நினைத்தார். ஒரு நாள் இல்லை, இருபத்தொரு வருஷம்.

இதை போனில் சொல்ல முடியாது. சனிக்கிழமை காலை கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு, பையில் ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு லேபுக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

நீளமான அறை. ஜன்னல் முழுக்க வெள்ளைத் தூசு. சுவரோடு ஒரு மேஜை. அதன் மேல் தாடை அச்சுகள் பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக இருந்தன. மகள் விளக்குக்குக் கீழே குனிந்து, சின்னக் கத்தியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கை நீட்டி வேண்டிய கருவியை எடுத்தாள். அம்மா வாசலில் நின்று அந்தக் கையைப் பார்த்தார். அது அவருடைய கைதான். கட்டைவிரலை மடக்கும் விதம்கூட அப்படியே இருந்தது.

"என்னம்மா? அப்பாவுக்கு ஏதாவதா?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்கார்." அம்மா போனை எடுத்து கண்டக்டரின் படத்தைக் காட்டினார். "இது ஏன் குறுகுதுன்னு பாரு."

மகள் சிரிக்கப் போனாள். பிறகு கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைத் தூக்கிவிட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் விரலை வைத்தாள். "இங்க ஒண்ணு விட்டிருக்கு. அடுத்த வரிசையில அந்தப் பக்கம். மாத்தி மாத்தி ஒவ்வொண்ணா விட்டிருக்காங்க. யார் இது?"

அரை நிமிஷம் ஆகியிருக்காது.

"இது மாதிரி ஏழு பேர். நான் எழுதினதைப் பாத்துப் போட்டவங்க. அந்த ஒண்ணை நான் எழுதல." அம்மா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "உன்கிட்டயும் சொல்லல. அப்படி ஒண்ணு போடறேன்னு எனக்கே நேத்துதான் தெரியும். உனக்கு அன்னிக்கே கை வந்திருக்குடி. எனக்குத்தான் வாய் வரல."

மகள் கத்தியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். பக்கத்து மேஜையில் ஏதோ மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றதும் சொன்னாள்.

"வியாழக்கிழமையே வேணாம்னு சொல்லிட்டேம்மா. நேத்து வேற ஒருத்தரைப் போட்டுட்டாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"போய்க் கேட்டுப் பாக்கலாமே. முதலாளியம்மாகிட்ட நான் வேணும்னா..."

"நீ ஒண்ணும் பேச வேணாம்."

அம்மா பையிலிருந்த ஊசியை எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தார். அதற்கு இது நேரமில்லை என்று தெரிந்தது.

"நான் தப்பாப் போட்டப்போ எத்தனை பேருக்குக் காட்டின?" என்று மகள் கேட்டாள்.

"எல்லாருக்கும்."

"அப்போ எல்லாருக்கும் சொல்லு. இங்கயே, என் எதிர்ல." அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "ஸ்பீக்கர்ல போடு. சித்தியிலேர்ந்து ஆரம்பி."

முப்பத்தோரு வருஷம் மாத்திரை மாற்றிக் கொடுக்காத மருந்துக்கடை அம்மா, பல் அச்சுகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்தார். சித்தி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம பாப்பா சின்னதுல ஒரு மேஜைத் துணி பின்னினா, ஞாபகம் இருக்கா?"

"யாரு, நம்ம முக்கோணமா?" சித்தி அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள். "அதை மறக்க முடியுமா அக்கா!"

மகள் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா சித்தியின் சிரிப்பு முழுதும் அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"அது அவ இல்லடி. முக்கோணம் நான்தான்" என்றார். பிறகு வரிசை வரிசையாக, கடைசிக் கண்ணிவரை விடாமல் சொன்னார். சித்தி, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றும் பேசாமல் கேட்டாள்.

மகள் லென்ஸைக் கீழே இறக்கிக்கொண்டு கத்தியைக் கையில் எடுத்தாள்.

"அடுத்து மாமா" என்றாள்.