பாத்துக்கிடுவோம்

1

ஒளிக்க ஒன்றுமில்லை, இந்தக் கதை எனக்கு ஆட்டோவில் கிடைத்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகையில், பிரேக் கிறீச்சிடுகிறதே என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "பாத்துக்கிடுவோம்" என்றார். சரிசெய்கிறேன் என்றாரா, இப்போதைக்குக் கிடக்கட்டும் என்றாரா? எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் இதே சொல்தான். இறங்கும்வரை கம்பியைப் பிடித்த பிடியை நான் விடவில்லை.

2

மேலகரம் ஜெயசித்ரா, சிறிய ராக்கெட் செய்யும் கம்பெனியொன்றில் பாதுகாப்பு அதிகாரி. [மண்ணில் பிறந்து விண்ணை அளந்த... சீ, விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.] முப்பத்தாறு செயற்கைக்கோள்களை இந்த ஆண்டே ஏற்றியாக வேண்டும் என்று எல்லாவற்றிலும் அவசரம். அன்று எஞ்சின் சோதனை பாதியில் நின்றது. டாங்கில் அழுத்தம் இறங்கவில்லை. டெக்னீஷியன் மணிகண்டபிரபுவும் தென்காசிப் பக்கம்தான், திருவேங்கடத்துக்காரன். வயர்லெஸ்ஸில் விதித்த ஆங்கிலச் சொற்களைத்தான் பேச வேண்டும். ஒரே பக்கத்துக்காரர்கள் இருவர் சேர்ந்துவிட்டால் விதியாவது ஒன்றாவது. அழுத்தத்தை இறக்க வேண்டுமே என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவள் கேட்டாள். "பாத்துக்கிடுவோம்க்கா" என்றான். இறக்காமலே ஸ்பானரோடு டாங்க் பக்கம் போனான். வெடித்தது. உடலை மூடித்தான் கொடுத்தார்கள்.

3

மேலே எழுதியது பொய். (உங்களுக்கே உறுத்தியிருக்கும்: சாகப் போகிறவனா அப்படி அசட்டையாகச் சொல்லுவான்?) ஜெயசித்ராவை எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதனால் அந்தச் சொல்லை அவன் வாயில் திணித்தேன். இறக்க வேண்டுமே என்று கேட்டவன் அவன். "பாத்துக்கிடுவோம்லே" என்றவள் அவள். பிறகு யோசிக்கலாம், இப்போது கிட்டே போகாதே என்ற அர்த்தத்தில். அழுத்தத்தை அறையிலிருந்தே இறக்கிவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டு அவன் ஸ்பானரோடு போனான். இரண்டு பேருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

4

வயர்லெஸ் பேச்சு பதிவாகவில்லை. அதைக் கேட்டவர்கள் இருவர், மிச்சம் ஒருத்தி. 'ஊழியரின் கவனக்குறைவு' என்ற அறிக்கை அவள் கையெழுத்துக்காக மேலகரம் வீட்டு மேசையில் கிடக்கிறது. போட்டுவிட்டால் அடுத்த மாதம் அதே அவசரம், அதே வயர்லெஸ், வேறொருவன்.

அப்போதுதான் மணிகண்டபிரபுவின் மனைவி இசக்கிச்செல்வி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றாள்.

"அவுகதான் அவசரப்பட்டுட்டாவன்னு ஆபீஸ்ல சொல்லுதாவ. கடைசியாப் பேசுனது நீங்கதானக்கா. அப்படியா?"

முதல் முடிவு: ஜெயசித்ரா தலையாட்டுகிறாள். இசக்கிச்செல்வி செத்த புருஷனை ஏசிக்கொண்டே பஸ் ஏறுகிறாள். [இந்தக் கொடுமையை என் கையால் செய்ய மாட்டேன்.]

இரண்டாம் முடிவு: உண்மையைச் சொல்லுகிறாள். வேலை போகும், வழக்கு வரும், அதையெல்லாம் விட, அந்த முகத்தை

இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. ஜெயசித்ராவுக்காக ஒருமுறை பொய் எழுதியவன் நான். இன்னொருமுறையும் எழுதிவிடுவேன், என்னை நம்பாதீர்கள். இசக்கிச்செல்வி நின்றுகொண்டே இருக்கிறாள். நீங்கள் பதில் சொல்லுங்கள்.